வாய்தாவுக்கு வர முடியாதவர்கள்

2015 ஜனவரி 31 விடியற்காலையில், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் பாய்ந்த கசடு, அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரைக் கொன்றது. அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். செய்தி வெளியானதும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அது நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரம் சுற்றுச்சூழலைச் சார்ந்தது. தொட்டி எப்படிக் கட்டப்பட்டது, யார் அனுமதித்தார்கள், கசடு எங்கே போக வேண்டும் என்பவைதான் அது கேட்க வேண்டிய கேள்விகள். ஒன்பது பேர் ஏன் இரவில் தொழிற்சாலைக்குள்ளேயே படுத்திருந்தார்கள், எந்த ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது, ஊர்விட்டு ஊர் வந்து வேலை செய்பவர்களுக்குச் சட்டம் சொல்லும் தங்குமிடம் எங்கே என்ற கேள்விகளைக் கேட்கவேண்டிய இடம் வேறு. அந்த இடத்துக்கு இப்படிப்பட்ட கேள்விகள் ஏன் அநேகமாக வந்து சேர்வதே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்தத் தோல் பகுதிக்கு நீதிமன்றம் புதிதல்ல. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் வேலூரின் பெயரை எழுதாமல் தேர்வு எழுதிவிட முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. பாலாற்றுப் படுகையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதன்படி அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாயை 547 டேனரிகள் தர வேண்டும் என்று நிர்ணயித்தது. அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இன்னும் பணம் போய்ச் சேராதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு டேனரிகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போட்ட ஆண்டிலிருந்து முப்பத்து நான்காவது ஆண்டு அது.

இந்த வழக்கு எப்படி நின்றது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களிடம் பட்டா இருந்தது, சிட்டா இருந்தது, கிணறு இருந்தது. மன்றம் வைத்து நடத்த உள்ளூரில் படித்தவர்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பு நிலத்திலேயே கிடந்தது. ஐந்தாண்டு கழித்து அதிகாரி வந்து அளந்தாலும் மண்ணில் உப்பு இருக்கும், கிணற்றில் அதே நிறத்தில் தண்ணீர் இருக்கும். அப்படி இருந்தும் முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதே டேனரிக்குள் சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் வேலை செய்தவரின் இழப்போ அவர் உடம்போடு ரயிலேறிப் போய்விடுகிறது. ஒரே தொழில், ஒரே ஆறு, ஒரே மாவட்டத்து நீதிமன்றங்கள். ஒருவருக்கு வழக்கு கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் உரிமையில் இல்லை, இருப்பில் இருக்கிறது. நம்முடைய நீதிமன்ற நடைமுறை, வழக்காடுபவர் ஓர் இடத்தில் நிலையாக இருப்பார் என்று எண்ணிக்கொண்டு கட்டப்பட்டது. புலம்பெயர்ந்து வந்தவரைச் சட்டம் வெளியே தள்ளவில்லை. அவரால் தர முடியாத ஒன்றை, அதாவது தங்கிக் காத்திருக்கும் வசதியை, ஒவ்வொரு கட்டத்திலும் அவரிடம் கேட்கிறது.

சட்டத்தில் குறை சொல்ல இடமே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு எழுதிவைத்திருக்கிறார்கள். மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979-லேயே வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநிலத்தார் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் சட்டம் அது. இடப்பெயர்ச்சிப் படி, பயணப்படி, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் அதில் இருந்தன. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதலாளியே தர வேண்டும் என்றும் இருந்தது. 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே தோல் பதனிடும் தொழில் இடம்பெற்றது. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், தொழிற்சாலைத் தொழிலாளி என்றாலே வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது. இத்தனையும் இருக்க, தடை எங்கே இருக்கிறது?

முதல் தடை, தான் இங்கே வேலை செய்ததாகக் காட்டுவது. டேனரியில் ஆள் சேர்வது பெரும்பாலும் மேஸ்திரி வழியாக. ஊரிலிருந்து கூட்டிவந்தவரும் அவரே, முன்பணம் கொடுத்தவரும் அவரே, வாரக் கூலியைக் கணக்குப் பார்ப்பவரும் அவரே. கணக்கு அவருடைய நோட்டில் இருக்கும். தோலிலிருந்து சதையை நீக்கும் ஃப்ளெஷிங் மெஷினின் உருளையில் ஒருவருடைய கை மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் மேஸ்திரி. எங்கே, எப்படி அடிபட்டது என்று அங்கே கேட்கும்போது தமிழில் பதில் சொல்கிறவரும் மேஸ்திரிதான். அந்தச் சீட்டில் எழுதப்படும் ஒரு வரி, பின்னால் எந்த வழக்குக்கும் முதல் ஆதாரம். தொழிலாளியிடம் இருப்பது ஊர் முகவரி போட்ட ஆதார் அட்டையும், மேஸ்திரியோடு பேசிய வாட்ஸப் பதிவுகளும். 1979 சட்டம் இதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருந்தது: புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் ஒன்றை ஒப்பந்தக்காரர் தர வேண்டும், அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், தொழிலாளியின் மொழி வேறானால் அந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் இவ்வளவு நுணுக்கமாக நினைத்து எழுதப்பட்ட விதிகள் குறைவு. நடைமுறையில் அது காகிதத்தோடு நின்றுபோனது.

நீதிமன்றமும் இந்த இடத்தில் தொழிலாளியின் பாரத்தைக் குறைக்கவில்லை. ஆட்குறைப்பை எதிர்க்கும் வழக்கில், ஓராண்டில் 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டியது தொழிலாளியே என்று ஹடிமணி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ல் யெல்லட்டி வழக்கில் இது கொஞ்சம் தளர்ந்தது. தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம் என்றார்கள். ஆனால் கூண்டேறும் நாள்வரை அவர் இங்கே இருக்க வேண்டும். ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு, உண்மையான முதலாளி கம்பெனிதான் என்று காட்டுவதற்கும், 2001-ல் செயில் (இந்திய உருக்கு ஆணையம்) வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, தொழில் தீர்ப்பாயத்தில் தனியே சாட்சியங்களோடு போராட வேண்டும். ஆவணமெல்லாம் ஒரு பக்கம், நிரூபிக்கும் பொறுப்பெல்லாம் மறுபக்கம் என்று இருக்கும் வழக்கில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

இரண்டாவது தடை பலருக்குத் தெரியாதது. 1979 சட்டத்தை மீறுவது குற்றமாக இருந்தது. ஆனால் அந்தக் குற்றத்துக்காகத் தொழிலாளி நேரே குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போக முடியவில்லை. ஆய்வாளர் புகார் தர வேண்டியிருந்தது, அல்லது அவருடைய எழுத்துப்பூர்வ முன் அனுமதி வேண்டியிருந்தது. அதுவும் குற்றம் ஆய்வாளரின் கவனத்துக்கு வந்த மூன்று மாதத்துக்குள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இதே பூட்டுதான் இருந்தது. ஒருவருடைய உரிமை மீறப்பட்டதா என்பதை நீதிபதி பார்ப்பதற்கு முன் ஓர் அலுவலர் பார்த்து முடிவுசெய்தார். அந்த அலுவலரின் கவனத்துக்கு விஷயத்தைக் கொண்டுபோகச் சங்கம் வேண்டியிருந்தது, மொழி வேண்டியிருந்தது, திரும்பத் திரும்பப் படியேறும் நேரம் வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குகள் குறைவாக இருந்ததைக் காட்டி, மீறல்களும் குறைவு என்று யாராவது சொன்னால் அது கதவைச் சாத்திவிட்டு யாருமே வரவில்லை என்று சொல்வதுதான்.

மூன்றாவது தடை வாய்தா. இதைப் புரிந்துகொள்ள இரண்டு பேரை ஒப்பிட்டால் போதும். ராணிப்பேட்டையில் ஒரே டேனரியில் வேலை இழந்த இருவரில் ஒருவர் பக்கத்திலுள்ள கலவை ஊர்க்காரர், மற்றவர் மேற்கு வங்க மால்டாக்காரர். கலவைக்காரர் ஊருக்குப் போய்விடுகிறார். அங்கே வேறு ஏதோ வேலை பார்க்கிறார். தேதி வந்தால் ஆற்காடு போய் வேலூருக்குப் பஸ் ஏறுகிறார், தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்கிறார், இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார். நாலு வாய்தா வீணானாலும் அவருக்கு நஷ்டம் நாலு நாள் கூலியும் பஸ் காசும். மால்டாக்காரருக்கு காட்பாடியிலிருந்து ஊர் போய்ச் சேரவே ஒன்றரை நாளுக்கு மேல். ஒரு வாய்தாவுக்கு வந்துபோனால் ஒரு வாரக் கூலி போய்விடும். எதிர்த்தரப்பு வக்கீல் நேரம் கேட்டால் அடுத்த தேதி. வராந்தாவில் அவர் பெயரை உச்சரிக்கத் தெரியாத ஒருவர் மூன்று முறை கூப்பிடுவார். ஆளில்லை என்றால், மனுதாரர் ஆஜராகாததால் தள்ளுபடி என்று ஒரு வரி. இப்படித் தள்ளுபடியாகும் வழக்கு புள்ளிவிவரத்தில் தீர்த்துவைக்கப்பட்ட வழக்காகவே சேரும்.

இந்தச் சிக்கலுக்கும் சட்டத்தில் விடை இருந்தது என்பதுதான் வேதனை. 1979 சட்டத்தின் 22-ம் பிரிவு, ஊருக்குத் திரும்பிய தொழிலாளி ஆறு மாதத்துக்குள் தன் சொந்த மாநிலத்திலேயே தகராறை எழுப்பலாம் என்றும், இங்கே நடந்துகொண்டிருக்கும் வழக்கை அங்கே மாற்றக் கேட்கலாம் என்றும் சொன்னது. சம்பளமும் வேலையும் எங்கே போனதோ அங்கேதான் வழக்கு என்ற பழைய விதியை உடைத்து, ஆள் இருக்கும் இடத்துக்கு வழக்கைக் கொண்டுபோகப் பார்த்த பிரிவு அது. நாற்பது ஆண்டுக்கு மேல் அது புத்தகத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1979 சட்டத்தை விழுங்கிவிட்டது. புலம்பெயர் தொழிலாளருக்கான பகுதியில் பயணப்படி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, கட்டணமில்லாத் தொலைபேசி உதவி இருக்கிறது. பாஸ்புக் போய்விட்டது. இடப்பெயர்ச்சிப் படி போய்விட்டது. 22-ம் பிரிவு போன்ற ஒன்று அந்தப் பகுதியில் இல்லவே இல்லை. ஐந்து பேர் என்ற வரம்பு பத்தாகியிருக்கிறது. தானாக வந்து வேலையில் சேர்ந்தவரும் புலம்பெயர்ந்த தொழிலாளியாகக் கணக்கில் வருவார், பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்பவை நல்ல மாற்றங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பில் கூலிப் புகாரைத் தொழிலாளியோ பதிவுபெற்ற சங்கமோ நேரடியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது அதைவிட நல்ல மாற்றம். ஒரு கதவின் பூட்டை எடுத்துவிட்டு இன்னொரு கதவையே சுவராக்கியிருக்கிறார்கள்.

மொழியைப் பற்றித் தமிழர்களிடம் பேசும்போது கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வேண்டும் என்று போராடி, 1976-ல் சட்டத் திருத்தம்வரை கொண்டுவந்தது நியாயமான காரியம். உள்ளூர் ஏழைக்கு அது உண்மையான வாசல். அந்த நியாயத்தின் அடிப்படை, வழக்காடுபவருக்குத் தன் வழக்கு புரிய வேண்டும் என்பது. அதே அடிப்படை வங்காளமோ போஜ்புரியோ மட்டும் தெரிந்தவருக்கும் பொருந்தும். குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியத்தின் மொழி புரியாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. கூலி கேட்டு வரும் மனுதாரருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. புலம்பெயர்ந்தவர் குற்றம் சாட்டப்பட்டவராக வந்தால் மொழிபெயர்ப்பாளர் உண்டு. குற்றம் சாட்டுபவராக வந்தால் கூட வந்த நண்பர்தான் மொழிபெயர்ப்பாளர். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் மருந்துக்கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. நோயாளிகளாக வருபவர்களுக்காக ஊரே அந்த மொழியைப் பழகிக்கொண்டது. முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இத்தனை தடைகளும் சேர்ந்து தொழிலாளியைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் ‘செட்டில்மெண்ட்’. ஒரு சாவு நடந்தால், போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிவதற்குள் ஒரு தொகை பேசப்பட்டுவிடும். உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அதிலேயே கணக்கில் வரும். அண்ணனோ மச்சானோ ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறுவார். இப்படி ஒத்துக்கொள்வதை அறியாமை என்று நினைப்பது தவறு. எட்டு ஆண்டு கழித்து வரக்கூடிய ஒரு தொகையைவிட இன்று கையில் இருக்கும் பணமே மேல் என்று அவர் போடும் கணக்கு, நம் நீதிமன்றங்களின் வேகத்தைப் பார்த்தால் சரியான கணக்குதான். ஆனால் 1923-ன் இழப்பீட்டுச் சட்டம் இந்தக் கணக்கை முன்பே பார்த்திருக்கிறது. மரணம் என்றால் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்றது அது. முதலாளி நேரடியாகக் கொடுக்கும் பணம் இழப்பீடாகவே கருதப்படாது என்று அதன் 8-ம் பிரிவு சொன்னது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ள முடிந்தது. பிரிட்டிஷ் காலத்துச் சட்டம் ஒன்று, துக்கத்தில் இருப்பவரிடம் பேரம் பேசக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்னும் ஒன்று: 1995-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குடும்பம் வசிக்கும் ஊரிலேயே இழப்பீட்டு மனுவைப் போடலாம். முர்ஷிதாபாத்தில் இருக்கும் விதவை வேலூருக்கு வரத் தேவையில்லை.

நீதிமன்றம் ஒரு காலத்தில் இந்தத் தடைகளைத் தானே தாண்டிவந்தது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சலால் நீர்மின் திட்டத்துக்கு வெளிமாநிலங்களிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழக்கில், அதிகாரிகளை வேலையிடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கியது. ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களைப் பற்றி வந்த ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, வழக்கறிஞர்களை ஆணையர்களாக அனுப்பி, அவர்கள் கொண்டுவந்ததைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. இந்த மூன்று வழக்குகளின் உண்மையான புதுமை உரிமைகளை விரித்துச் சொன்னதில் இல்லை. சாட்சியம் திரட்டும் வேலையைத் தொழிலாளியின் தோளிலிருந்து எடுத்து நீதிமன்றம் தன் தோளில் வைத்துக்கொண்டதில் இருக்கிறது. அதன் எல்லையும் தெரிந்ததே. கல்குவாரி வழக்கு 1991-ல் மறுபடி வந்தபோது நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை.

2020 கொரோனா ஊரடங்கின்போது அந்த மரபு எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மார்ச் 31 அன்று, சாலையில் நடந்துபோகிறவர் யாருமில்லை என்ற அரசுத் தரப்பின் கூற்றை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மே 15 அன்று, நடப்பவர்களை நாங்கள் எப்படித் தடுக்க முடியும் என்ற தொனியில் ஒரு மனுவைத் தள்ளியது. அதே மே 15 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் கிருபாகரன், ஹேமலதா அமர்வு இதை மனிதத் துயரம் என்று சொல்லி, எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று மத்திய, மாநில அரசுகளைக் கேட்டது. அந்த வழக்கே மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் சிக்கிக்கொண்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்காகப் போடப்பட்டது. மே 26 அன்றுதான் உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. 2021 ஜூன் 29 தீர்ப்பு பதிவையும் ரேஷனையும் பற்றி உறுதியாகப் பேசியது. ஊரடங்கு மாதங்களின் கூலியைப் பொறுத்தவரை, 2020 ஜூன் 12 உத்தரவு முதலாளிகள்மேல் கட்டாய நடவடிக்கை கூடாது, இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. உணவு கருணையின் கணக்கில் கிடைத்தது. உரிமையின் கணக்கில் கூலி கிடைக்கவில்லை.

சாங்லி வழக்கு காட்டுவதைப் போல, தமிழர்களும் புலம்பெயர்ந்தவர்களே. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தெற்கே நிற்கும் ஜவ்வாது மலையிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் செம்மரம் வெட்டக் கூட்டிப்போகப்பட்டவர்களின் கதை நமக்கு நன்றாகத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. மறு பிரேதப் பரிசோதனை கேட்டு விதவை ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உடல்கள் திருவண்ணாமலையில் இருந்தன, குடும்பங்கள் இங்கே இருந்தன, ஆனாலும் சம்பவம் நடந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அப்போது ஐதராபாத்தில் நிற்க வேண்டிவந்த தமிழ்ப் பெண்ணின் நிலையும், வேலூரில் நிற்க வேண்டிவரும் வங்கப் பெண்ணின் நிலையும் ஒன்றே. வளைகுடாவுக்குப் போய்ச் சம்பளம் பாக்கியோடு திரும்பியவர்களைக் கேட்டாலும் இதே கதைதான். விசா முடிந்தால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பினால் வழக்கு போயிற்று. எல்லை தாண்டுவது நாட்டைப் பொறுத்தவரை ஒரு முத்திரை, வழக்கைப் பொறுத்தவரை ஒரு முற்றுப்புள்ளி.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, வலுவானவையும் உண்டு. நீதிமன்றமே தவறான இடம், ஆய்வும் நிர்வாகமும் சங்கமும்தான் வழி என்பார்கள் சிலர். தினசரித் தகராறுகளுக்கு அது உண்மை. ஆனால் ஆய்வாளர் வராதபோது அவரை வரவழைக்கும் கடைசி அதிகாரம் எங்கே இருக்கிறது? நீதிமன்றத்துக்குப் போக முடியும் என்ற நிலை இருந்தால்தான் லேபர் ஆபீஸ் பேச்சுவார்த்தையிலும் ஒருவருடைய சொல்லுக்கு எடை இருக்கும். போகவே முடியாதவரோடு யாரும் நேர்மையாகச் சமரசம் பேசுவதில்லை. உள்ளூர்த் தொழிலாளிக்கும் இதே கஷ்டம்தானே என்பது அடுத்த மறுப்பு. கஷ்டம் உண்டு; ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்களைக் கேட்டாலே தெரியும். ஆனால் அவர்களுக்கு வார்டு உறுப்பினரைத் தெரியும், பஸ்ஸில் கூட வரும் நூறு பேரைத் தெரியும், அடுத்த வருடமும் இங்கேதான் இருப்பார்கள் என்பது கம்பெனிக்கும் தெரியும். புலம்பெயர்ந்தவருக்கு வழி திறந்தால் அவர்களுக்கும்தான் திறக்கும். மலிவாக ஏமாற்றக்கூடிய ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கும்வரை உள்ளூர்க்காரரின் கூலியும் உயராது.

மூன்றாவது மறுப்பு தொழிலின் தரப்பிலிருந்து வருவது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் எப்படித் தவித்தன என்று எல்லோரும் பார்த்தார்கள். இந்த நிலையில் வழக்குகளைப் பெருக்கினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகாதா? நான் இந்தக் கவலையைப் பாசாங்கு என்று ஒதுக்கவில்லை. சிறிய டேனரிகளின் லாபம் மெலிந்தது என்பதும் நிஜம். ஆனால் கழிவுநீர் வழக்கின்போதும் இதே வாதம்தான் வைக்கப்பட்டது. தொழில் அழிந்துவிடவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, அந்தச் செலவைத் தோலின் விலை தாங்கிக்கொண்டது. தவிர, நான் கேட்பது கூடுதல் உரிமை எதையும் அல்ல. ஏற்கெனவே உள்ள கூலியும் இழப்பீடும் உரியவருக்குப் போய்ச் சேரும் வழியை. சட்டப்படி கூலி கொடுக்கும் முதலாளியோடு சட்டத்தை மீறுபவர் விலையில் போட்டியிட முடிகிறது என்றால், அந்த நிலை நல்ல முதலாளியையும் தண்டிக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய சட்டங்கள் அல்ல. தொழிலாளி கிளம்பும் முன்பே, மனு போட்ட சில நாட்களுக்குள், அவருடைய சாட்சியத்தைப் பதிவுசெய்துவிடலாம். அதன்பிறகு அவர் தன் மாவட்ட நீதிமன்றத்திலிருந்தே காணொலியில் வரலாம். பெருந்தொற்றுக் காலத்தில் நீதிமன்றங்கள் இதைப் பழகிக்கொண்டுவிட்டன. வேலைக்கு வந்ததற்கு மேலோட்டமான ஓர் ஆதாரம், ஒரு புகைப்படமோ பணப் பரிமாற்றமோ, காட்டினாலே போதும், மற்றதைப் பதிவேட்டை வைத்திருப்பவர் நிரூபிக்கட்டும் என்று விதி வரலாம். பிறந்த மாநிலத்தின் அதிகாரிகள் வேலை மாநிலத்துக்கு வந்து விசாரிக்கத் தடையில்லை என்று 1990-லேயே தாமோதர் பாண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைத் தமிழ்நாடும் மேற்கு வங்கமும் பிகாரும் ஓர் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளலாம். 22-ம் பிரிவை மத்திய அரசு புதிய தொகுப்பில் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

அதுவரை இந்தப் பகுதியில் இருக்கும் வழக்கறிஞர்களுக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் டேனரியில் வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் இறந்தால், உடல் காட்பாடியைத் தாண்டும் முன் மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். அவர் பெயர் இ.எஸ்.ஐ. பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குடும்பத்துக்கு மாத உதவி அங்கிருந்து வர வேண்டும். இல்லை என்றால், எந்தத் தாளில் யார் கையெழுத்து வாங்கியிருந்தாலும், இழப்பீட்டை உரிய அதிகாரியிடமே கட்ட வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். மருத்துவமனைச் சீட்டு, முதல் தகவல் அறிக்கை, மேஸ்திரியின் எண் ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்தின் கையில் கொடுத்து, மனுவைத் தங்கள் மாவட்டத்திலேயே போடலாம் என்று அவர்கள் மொழியில் சொல்லி அனுப்புங்கள்.